எட்டு ஓநாயா, ஒரு கரடியா? வரவழைக்கும் மந்திரங்களை எடைபோட முழு வழிகாட்டி

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கும் ஒரு வீட்டில், போயா விடுமுறை நாட்களில் நாங்கள் ஆறு பேர் கூடி, பகடை உருட்டிக் கதை நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ட்ரூயிட் என்ற இயற்கை மந்திரவாதியாக விளையாடும் தம்பி 5ஆம் நிலைக்கு வந்த அன்று, விலங்குகளை வரவழைக்கும் கஞ்சர் அனிமல்ஸ் மந்திரத்தைப் போட்டு எட்டு ஓநாய்களை இறக்கினான். ஃபைட்டர் என்ற போர்வீரராக விளையாடும் அக்கா தன் முறை வரட்டும் என்று பார்த்தார், வரவில்லை, எழுந்து போய் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தார், வந்து கதிரையில் உட்கார்ந்தபோது அடிக்க எதிரி மிச்சமில்லை.

"புத்தகத்தில அப்படித்தானே அக்கா இருக்கு" என்றான் தம்பி. அவன் சொன்னது உண்மை. அக்காவின் முகம் வாடியதிலும் நியாயம் இருந்தது.

அன்றிலிருந்து இந்த மந்திரங்களைக் கணக்குப் போட்டு ஒப்பிடத் தொடங்கினேன். பிறகு புதிதாக டிஎம் (விளையாட்டை நடத்துபவர்) ஆன மூன்று பேருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தேன். மூவரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்கினார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள், ஏனென்றால் முன்னால் உள்ள படியில் விட்ட பிழை பின்னால் உள்ள எல்லா எண்களையும் கெடுத்துவிடும்.

1. எந்தப் பதிப்பு என்று முதல் வரியில் எழுதுங்கள்

ஒரே பெயர், இரண்டு வேறு மந்திரங்கள். இதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் குழப்பம்.

விளையாட்டின் விதிப் புத்தகமான 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் கஞ்சர் அனிமல்ஸ் உண்மையான விலங்குகளைக் கொண்டுவருகிறது. 3ஆம் நிலை ஸ்லாட்டுக்கு (மந்திரம் போடச் செலவாகும் பங்கு, இதன் நிலை வேறு, ஆளின் நிலை வேறு) நான்கு தெரிவுகள்: சேலஞ்ச் ரேட்டிங் (விலங்கின் பல அளவு) 2 வரை உள்ள ஒன்று, 1 வரை உள்ள இரண்டு, அரை வரை உள்ள நான்கு, கால் வரை உள்ள எட்டு. 2024 புத்தகத்தில் அதே பெயரில் இருப்பது ஓர் ஆவிக் கூட்டம். அதற்கு ஹிட் பாயின்ட் (உயிர் அளவு) கிடையாது, அது கிட்ட வந்தால் எதிரி டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்க ஒரு பகடை, போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவர் கைத்தொலைபேசியில் 2024 பக்கத்தையும் மற்றவர் 2014 புத்தகத்தையும் பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலம் சண்டை போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த வழிகாட்டியில் கணக்கெல்லாம் 2014 விதிகளுக்கு. 2024 மந்திரத்தைக் கடைசியில் சேர்த்துப் பார்க்கலாம்.

2. தொடங்குவதற்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை

விலங்குகளின் தரவுப் பக்கங்கள் வேண்டும். புத்தகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எஸ்ஆர்டி 5.1 என்ற விதித் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஓநாய், டயர் வுல்ஃப் (பெரிய ஓநாய்), ஏப் (வாலில்லாக் குரங்கு), பனிக்கரடி எல்லாம் அதில் உண்டு. நாம் கஞ்சர் அனிமல்ஸோடு ஒப்பிடப்போகும், ஓர் ஆவி விலங்கை வரவழைக்கும் சம்மன் பீஸ்ட் மந்திரம் மட்டும் அதில் இல்லை. அது 2020இல் வந்த 'டாஷாவின் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' என்ற துணைப் புத்தகத்தில் இருக்கிறது, 2024 ஹேண்ட்புக்கிலும் உண்டு.

சதுரக் கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்று, பென்சில், எட்டுப் புளியங்கொட்டை, நேரம் பார்க்கக் கைத்தொலைபேசி. கொப்பியின் ஒரு சதுரம் விளையாட்டில் 5 அடி. கொட்டைகள் ஏன் என்று 6ஆம் படியில் தெரியும். அவற்றை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் போட்டவர்கள் எல்லாருமே மந்திரத்தின் பலத்தைக் கூட்டித்தான் மதிப்பிட்டார்கள்.

இன்னொன்றையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்: எந்த விலங்கு வரும் என்று யார் முடிவு செய்வது? மந்திரத்தைப் போடுபவர் எத்தனை, எந்த ரேட்டிங் என்று தெரிவு செய்கிறார். எந்த விலங்கு என்பது டிஎம்மின் கையில் என்பதே விளையாட்டை உருவாக்கியவர்கள் தந்த அதிகாரபூர்வ விளக்கம். பல மேசைகளில் இது தெரியாமல் விளையாடுபவரே பட்டியலில் மிக வலுவானதைப் பொறுக்கிக்கொள்கிறார். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரியது, ஆகவே உங்கள் மேசையின் வழக்கம் எது என்று இரண்டாவது வரியில் எழுதுங்கள்.

3. அளவுகோலை முதலில் தெரிவு செய்யுங்கள்

புதியவர்கள் உடனே இரண்டு மந்திரங்களை எதிரெதிரே வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எது பெரியது என்று தெரியும், எது அளவு மீறியது என்று தெரியாது. அதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும்.

நான் வைப்பது மேசையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஃபைட்டரை. அவருடைய முழு வேலையே அடிப்பது. ஒரு மந்திரம் அவரைவிட நன்றாக அந்த வேலையைச் செய்து, அதற்கு மேல் மந்திரம் போட்டவருக்கும் ஒரு முறை மிச்சமிருந்தால் அங்கே பிரச்சினை இருக்கிறது.

5ஆம் நிலை ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 18, கையில் கிரேட்சோர்ட் என்ற பெரிய வாள். அட்டாக் போனஸ் (அடிக்கும்போது 20 முகப் பகடையோடு கூட்டும் எண்) +7, ஒரு முறைக்கு இரண்டு வெட்டு, ஒவ்வொன்றும் இரண்டு 6 முகப் பகடையும் அதோடு 4உம், சராசரி 11. ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 15 உள்ள எதிரிமேல் இவர் ஒரு சுற்றுக்கு, அதாவது எல்லாருக்கும் ஒரு முறை வந்து முடிவதற்குள், சராசரியாக 15 சேதம் செய்வார். இந்த 15ஐப் பெரிதாக எழுதிக் கட்டம் போடுங்கள். கணக்கு எப்படி என்று 5ஆம் படியில் வருகிறது.

அளவுகோலை ஏன் முதலிலேயே வைக்கச் சொல்கிறேன் என்றால், எண்கள் வந்த பிறகு தெரிவு செய்தால் நமக்குப் பிடித்த மந்திரத்தைக் காப்பாற்றும் அளவுகோல்தான் கைக்கு வரும்.

4. ஸ்லாட்டைச் சமப்படுத்துங்கள்

கஞ்சர் அனிமல்ஸ் 3ஆம் நிலை. சம்மன் பீஸ்ட் 2ஆம் நிலை. புத்தகத்தில் எழுதியபடியே இரண்டையும் ஒப்பிட்டால் இரண்டாவதற்கு அநியாயம். இரண்டையும் 3ஆம் நிலை ஸ்லாட்டில் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது சம்மன் பீஸ்ட் தரும், தரையில் நடக்கும் நிலவிலங்கு ஆவிக்கு ஆர்மர் கிளாஸ் 14, ஹிட் பாயின்ட் 35. அதன் அட்டாக் போனஸ் உங்கள் மந்திரப் போனஸ்தான், விஸ்டம் (ட்ரூயிட்டின் மந்திரத் திறன்) 18 உள்ள 5ஆம் நிலை ட்ரூயிட்டுக்கு +7. ஓர் அடிக்கு ஒரு 8 முகப் பகடை, அதோடு 4, அதோடு ஸ்லாட் நிலையான 3. சராசரி 11.5.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆவியின் அடிகளின் எண்ணிக்கை ஸ்லாட் நிலையில் பாதி, மிச்சத்தைக் கீழே தள்ளிவிட வேண்டும். 2இலும் 3இலும் ஓர் அடிதான், 4இல் இரண்டு. 3ஐ மட்டும் பார்த்துவிட்டு "இது சோப்ளாங்கி மந்திரம்" என்று சொல்லிவிடாதீர்கள். மறுபக்கம், கஞ்சர் அனிமல்ஸ் 4ஆம் நிலை ஸ்லாட்டில் போட்டாலும் கூடுவதில்லை, 5இல்தான் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. ஒன்று ஏறும் படியில் மற்றது நிற்கிறது. அதனால் குறைந்தது இரண்டு ஸ்லாட் நிலைகளிலாவது ஒப்பிடுங்கள், நான் 3, 4 இரண்டையும் எடுக்கிறேன்.

5. ஓர் அடியின் சராசரியைக் கண்டுபிடியுங்கள்

கொப்பியில் அதிக இடம் பிடிக்கும் படி இது. பள்ளிக்கூடக் கணக்குத்தான், அவசரப்படாமல் போட்டால் போதும்.

எதிரியின் ஆர்மர் கிளாஸிலிருந்து அட்டாக் போனஸைக் கழியுங்கள். 20 முகப் பகடையில் அந்த எண்ணோ அதற்கு மேலோ விழ வேண்டும். ஓநாய்க்கு +4, எதிரிக்கு 15, ஆக 11 அல்லது அதற்கு மேல். 11 முதல் 20 வரை பத்து முகங்கள், அதாவது 50 வீதம்.

ஓநாயின் கடி இரண்டு 4 முகப் பகடையும் 2உம், சராசரி 7. பாதித் தடவை படுவதால் 3.5. அப்புறம் 20 விழுந்தால் பகடைகள் மட்டும் இரட்டிக்கும், கூட்டும் எண் இரட்டிக்காது. அதனால் கூடுதல் சேதம் 5, அது 20இல் ஒரு தடவை, 0.25. மொத்தம் 3.75.

இப்போது பேக் டாக்டிக்ஸ். எதிரிக்கு 5 அடிக்குள் இன்னொரு கூட்டாளி நின்றால் ஓநாய்க்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். இரண்டுமே தவறும் வாய்ப்பு பாதியில் பாதி, 25 வீதம். ஆக 75 வீதம் படும். 20 விழும் வாய்ப்பும் 5இலிருந்து 9.75 வீதமாகிறது. போட்டுப் பார்த்தால் ஓர் ஓநாய் 5.74.

எட்டு ஓநாய்கள் வரும்போது பக்கத்தில் கூட்டாளி இல்லாமலா இருக்கும்? எல்லாருக்கும் அட்வான்டேஜ் உண்டு. 5.74ஐ எட்டால் பெருக்குங்கள்: 45.9. மூன்று ஃபைட்டருக்குச் சமம். கடிபட்டவர் ஸ்ட்ரெங்த் சேவிங் த்ரோவில் தோற்றால் கீழே விழுவார், விழுந்தவரைக் கிட்ட நின்று அடிக்கும் எல்லாருக்கும் அட்வான்டேஜ். அதை நான் எண்ணாமல் விட்டிருக்கிறேன். எண்ணியிருந்தால் ஓநாய்களின் கை இன்னும் ஓங்கும்.

அதே எதிரிமேல் மற்றத் தெரிவுகளையும் போடுங்கள். ஒரு பனிக்கரடி 14.6. இரண்டு டயர் வுல்ஃப் பேக் டாக்டிக்ஸோடு 17.3. நான்கு ஏப் 30. சம்மன் பீஸ்ட் ஆவி 3ஆம் நிலை ஸ்லாட்டில், பக்கத்தில் கூட்டாளி நிற்க, 10.5. 4ஆம் நிலையில் 22.8.

கரடியிலிருந்து ஓநாய் வரை எண் ஏறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். புத்தகம் நான்கையும் சமமானவை போல ஒரே பட்டியலில் தருகிறது, ஆனால் இந்தப் பதிப்பில் சின்ன விலங்குக்கும் அட்டாக் போனஸ் பெரிதாகக் குறைவதில்லை, ஓநாய்க்கு +4, கரடிக்கு +7, அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணிக்கைதான் எட்டு மடங்கு.

இந்தப் படியில் வரும் பிழைகள் இரண்டு. ஒன்று, உச்சச் சேதத்தை எடுப்பது. "ஓநாய் 10 அடிக்கும், எட்டு ஓநாய் 80" என்று ஒரு தங்கச்சி எழுதிக்கொண்டு வந்தார். பகடை எப்போதும் உச்சத்தில் விழாது, எல்லா அடியும் படவும் படாது. மற்றது, ஒரு மந்திரத்துக்கு அட்வான்டேஜ் சேர்த்துவிட்டு மற்றதுக்கு மறந்துவிடுவது. நிலவிலங்கு ஆவிக்கும் பேக் டாக்டிக்ஸ் உண்டு, பறக்கும் ஆவிக்கு இல்லை.

6. உண்மையில் எத்தனை விலங்குகள் எட்டும்?

இப்போது புளியங்கொட்டைகளை எடுங்கள். கொப்பியில் நடுச் சதுரத்தில் எதிரியை வையுங்கள். சுற்றி எட்டுச் சதுரங்கள். எட்டு ஓநாய்க்கும் இடம் இருக்கிறது, வெட்டவெளியாக இருந்தால்.

இனி எதிரியைச் சுவரோரம் தள்ளுங்கள். ஐந்து சதுரம்தான் மிச்சம். அதில் ஒன்றில் அக்காவின் ஃபைட்டர் நிற்கிறார், ஓநாய்க்கு நான்கு. 45.9 ஒரே அடியில் 23 ஆகிவிட்டது. மூலையில் மூன்று. 5 அடி அகல நடைபாதையில் முன்னால் ஒன்று, மற்றவை வரிசையில் நிற்க வேண்டியதுதான், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கையில் எதிரே ஒரு முச்சக்கரவண்டி வந்தால் எப்படியோ அப்படி.

பெரிய விலங்குக்கு வேறு தொல்லை. பனிக்கரடி நான்கு சதுரம் பிடிக்கும். அந்த 5 அடி நடைபாதைக்குள் நெருக்கிக்கொண்டு போகலாம், ஆனால் அடிக்கும்போது டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் சிறியதை எடுப்பது), அதை அடிப்பவர்களுக்கு அட்வான்டேஜ்.

உங்கள் கடைசி மூன்று சண்டைகளின் வரைபடங்கள் இருந்தால் அவற்றில் வைத்தே எண்ணுங்கள். எங்கள் டிஎம் சுரங்கங்களை விரும்புகிறார். அதனால் எங்களுக்கு எட்டு என்பது நடைமுறையில் நான்கோ ஐந்தோதான், காட்டில் நடந்த சண்டைகளில் மட்டும் எட்டும் எட்டின.

7. நான்கு சுற்றுகளுக்கு நீட்டுங்கள், கான்சன்ட்ரேஷனைக் கழியுங்கள்

ஒரு சுற்றின் எண்ணை வைத்து முடிவு சொல்லக்கூடாது. ஃபைட்டரின் வாளை யாரும் கலைக்க முடியாது, ஆனால் ட்ரூயிட்டுக்கு அடி பட்டு, மந்திரத்தைத் தாங்கும் கவனம் (கான்சன்ட்ரேஷன்) கலைந்தால் விலங்குகள் எல்லாமே மறைந்து போகலாம்.

அடி பட்டால் கான்ஸ்டிட்யூஷன் (உடல் தாங்குதிறன்) சேவிங் த்ரோ, இலக்கு 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. ட்ரூயிட்டுக்கு இதில் தேர்ச்சி இல்லை. கான்ஸ்டிட்யூஷன் 14 என்றால் +2, ஆக 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், 65 வீதம்.

சுற்றுக்கு ஓர் அடி ட்ரூயிட்டின் மேல் விழுகிறது, அது விலங்குகள் அடித்த பிறகு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்று முழுதாகக் கிடைக்கும். இரண்டாவது 0.65. மூன்றாவது 0.42. நான்காவது 0.27. கூட்டினால் 2.35. அதாவது நான்கு சுற்றுச் சண்டையில் மந்திரம் வேலை செய்வது இரண்டரைச் சுற்றுக்கும் குறைவு.

இப்போது எண்கள் பேசத் தொடங்கும். ஃபைட்டர் நான்கு சுற்றில் 60. எட்டு ஓநாய்கள் 45.9ஐ 2.35ஆல் பெருக்க, 108. நான்கு ஓநாய்கள் மட்டும் எட்டினால் 54. சம்மன் பீஸ்ட் 3ஆம் நிலையில் 25, 4ஆம் நிலையில் கிட்டத்தட்ட 54. நான்கு ஓநாய்களும் 4ஆம் நிலை ஆவியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன, ஃபைட்டருக்குச் சற்றுக் கீழே. முதல் தடவை இதைப் பார்த்தபோது கணக்குப் பிழையோ என்று மூன்று தடவை திரும்பப் போட்டேன். பிழை இல்லை.

4ஆம் நிலை ஸ்லாட் வரும்போது ஆட்களும் 7ஆம் நிலையில் இருப்பார்கள், ஃபைட்டரின் ஸ்ட்ரெங்த் 20க்குப் போயிருந்தால் அவருடைய 15 இப்போது 17.5, நான்கு சுற்றில் 70. அவரையும் கூட ஏற்ற மறக்காதீர்கள்.

யார் எப்போது அடிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சம்மன் பீஸ்ட் ஆவி உங்கள் முறை முடிந்த உடனேயே அடிக்கிறது. கஞ்சர் அனிமல்ஸ் விலங்குகள் தங்களுக்கென்று இனிஷியேட்டிவ் (யார் முதலில் என்று முடிவு செய்யும் பகடை) உருட்டுகின்றன. அவற்றின் எண் உங்களுடையதைவிடப் பெரிதாக விழுந்தால் முதல் சுற்றில் சும்மா நிற்கும். நான்கு சுற்றில் ஒரு சுற்று போனால் கால்பங்கு போய்விட்டது.

மறுபக்கம், இரண்டு மந்திரத்திலும் விலங்குக்குக் கட்டளையிட உங்கள் ஆக்‌ஷன் செலவாவதில்லை. இரண்டாவது சுற்றிலிருந்து ட்ரூயிட் தானும் ஒரு கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்) போடலாம், சுற்றுக்கு ஆறு சேதம் போல. ஆகவே 54 என்பதைத் துல்லியமாகப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஃபைட்டருக்குப் பக்கத்தில் வருகிறதா, இரண்டு மடங்கு போகிறதா என்று பார்த்தால் போதும்.

பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பை விளையாடுபவர்களுக்கு இந்தப் படி வேறு மாதிரி. அங்கே சம்மன் அனிமல் என்ற வரவழைக்கும் மந்திரத்தைப் போட ஒரு முறைக்குரிய மூன்று ஆக்‌ஷனும் செலவு. பிறகு ஒவ்வொரு முறையும் ஓர் ஆக்‌ஷன் கொடுத்துத் தக்கவைக்க வேண்டும், விலங்குக்குக் கிடைப்பது இரண்டு ஆக்‌ஷன். 3ஆம் ரேங்க் மந்திரத்தில் வருவதோ அதிகபட்சம் 2ஆம் நிலை விலங்கு ஒன்று. அங்கே "அளவு மீறிவிட்டதா" என்று யாரும் கேட்பதில்லை, "போதுமா" என்பதுதான் கேள்வி.

8. மூன்று எதிரிகள்மேல் சோதியுங்கள்

இதுவரை அடித்ததை மட்டும் எண்ணினோம். வரவழைத்த விலங்கு அடி வாங்கவும் செய்கிறது, அதன்மேல் விழும் ஒவ்வோர் அடியும் உங்கள் ஆட்கள்மேல் விழாத அடி. ஒரே எதிரியை வைத்துப் பார்த்தால் இது தெரியாது.

முதலாவது, ஓகர் என்ற பெரிய அரக்கன். சுற்றுக்கு ஒரே அடி, +6, சராசரி 13. ஓநாயின் ஆர்மர் கிளாஸ் 13, ஹிட் பாயின்ட் 11. அடி பட்டால் நான்கில் மூன்று தடவை ஓநாய் விழும். ஆனால் ஓர் அடியில் ஒரு ஓநாய்தான், மிஞ்சிய சேதம் வீண். தவறும் அடிகளையும் சேர்த்தால் எட்டையும் முடிக்க ஓகருக்கு 14 சுற்றுப் போல வேண்டும். 42 ஹிட் பாயின்ட் உள்ள பனிக்கரடியை நான்கு, ஐந்து சுற்றில் முடித்துவிடும். இங்கே ஓநாய்களின் கை மிக ஓங்கி இருக்கிறது.

இரண்டாவது, ஃபயர்பால் என்ற நெருப்புக் குண்டு மந்திரம் போடும் மந்திரவாதி. எட்டு 6 முகப் பகடை, சராசரி 28, சேவிங் த்ரோவில் தப்பினாலும் பாதி, 14. ஓநாய்க்கு இருப்பதோ 11. வட்டத்துக்குள் நின்ற ஓநாய்கள், தப்பியவையும் சேர்த்து, ஒரே முறையில் போய்விடும். கரடி நிற்கும், 35 உள்ள ஆவியும் நிற்கும். ஒரு நுட்பம்: ஷெப்பர்ட் வட்டம் என்ற பிரிவைச் சேர்ந்த ட்ரூயிட்டாக இருந்தால் 6ஆம் நிலையிலிருந்து வரவழைத்த விலங்கின் ஒவ்வொரு ஹிட் டைஸுக்கும் (உயிர் அளவைத் தீர்மானிக்கும் பகடை) 2 ஹிட் பாயின்ட் கூடும், ஓநாய்க்கு 15 ஆகிறது. சேவிங் த்ரோவில் தப்பிய ஓநாய் சராசரி ஃபயர்பாலை ஒரேயொரு பாயின்டில் தாண்டி நிற்கும். உங்கள் மேசையில் அந்த வகை ட்ரூயிட் இருந்தால் இந்தப் படியைத் தனியாக மறுபடி போடுங்கள்.

மூன்றாவது, ஆர்மர் கிளாஸ் 20 உள்ள கவசக்காரர். ஓநாய்களின் 45.9 இங்கே 28.4க்கு இறங்குகிறது. ஆவியின் 10.5 இறங்குவது 7.8க்குத்தான். ஓநாய்கள் பத்தில் நான்கு பங்கை இழக்கின்றன, ஆவி கால்பங்கை. உங்கள் அட்டாக் போனஸோடு வளரும் மந்திரம் நிலை ஏற ஏறப் பிடித்து நிற்பதற்குக் காரணம் இதுதான். மேல் நிலைகளில் பல அரக்கர்களுக்கு மந்திரமில்லாத அடியில் பாதிதான் படும் என்பதையும் சேர்த்தால் ஓநாய்கள் இன்னும் தேயும்.

ஆகவே "ஓநாய்தான் சிறந்தது" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். யாருக்கு எதிராக என்று எழுதுங்கள். உங்கள் டிஎம் எந்த வகை எதிரியை அதிகம் கொண்டுவருகிறாரோ அதற்குத்தான் கூடிய மதிப்பு.

9. நேரத்தை அளந்து பாருங்கள்

பலர் இதை ஒப்பீட்டின் பகுதியாகவே எடுப்பதில்லை. என்னைக் கேட்டால் சேதத்துக்குச் சமமான எடை இதற்கு உண்டு, அக்காவின் அன்றைய மாலை கெட்டது சேதத்தால் மட்டுமல்ல.

எட்டு ஓநாய், அட்வான்டேஜ், 16 தடவை 20 முகப் பகடை. பட்டதற்கெல்லாம் சேதப் பகடை. எதிரிக்கு ஒவ்வொரு கடிக்கும் விழாமல் நிற்க ஒரு சேவிங் த்ரோ. கைத்தொலைபேசியில் நேரம் வைத்து மூன்று சுற்று ஓட்டிப் பாருங்கள், கற்பனையாக மதிப்பிடாதீர்கள். மதிப்பிடும்போது எல்லாரும் உண்மையில் ஆவதைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள்.

குறைக்க வழி உண்டு. சேதத்தை உருட்டாமல் சராசரியான 7ஐயே எடுப்பது, தரவுப் பக்கத்திலேயே அந்த எண் அச்சாகி இருக்கிறது. இரண்டு நிறப் பகடைகளைச் சோடியாகப் போட்டு ஒரே வீச்சில் பல ஓநாய்களுக்கு உருட்டுவது. தன் முறை வருமுன்பே எந்த ஓநாய் எங்கே போகும் என்று தீர்மானித்து வைப்பது. இவற்றைச் செய்த பிறகும் ஒருவருடைய முறை மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு நீண்டால், அந்த மந்திரம் அந்த மேசைக்குக் கனமானது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

10. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

எண்கள் கையில் இருக்கின்றன. இப்போது விதியைத் திருத்துவதா இல்லையா என்று மேசையில் எல்லாரும் இருக்கும்போது பேசுங்கள், ட்ரூயிட் விளையாடுபவர் இல்லாத நேரத்தில் ஒருபோதும் முடிவெடுக்காதீர்கள். அவர் அந்த மந்திரத்துக்காகவே அந்த ஆளை உருவாக்கியிருக்கலாம்.

புதிய டிஎம்கள் இங்கே எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிவிடுகிறார்கள்: எண்ணிக்கையைக் குறைத்து, ஹிட் பாயின்டைக் குறைத்து, விலங்கையும் தாங்களே தெரிவு செய்து. அப்படிச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது, ட்ரூயிட்டுக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

7ஆம் படியின் எண்ணைப் பார்த்தால் எங்கே கைவைக்கலாம் என்று தெரியும். நான்கு ஓநாய் 54, ஃபைட்டர் 60. ஆகவே எந்தத் தெரிவானாலும் நான்குக்கு மேல் இல்லை என்பது நான் முதலில் பரிந்துரைக்கும் மாற்றம். ஹிட் பாயின்டைத் தொடத் தேவையில்லை, ஃபயர்பால் ஏற்கெனவே அதைப் பார்த்துக்கொள்கிறது.

2024 மந்திரத்துக்கு மாறுவது இன்னொரு வழி. அதன் சேதம் மூன்று 10 முகப் பகடை, சராசரி 16.5, சேவிங் த்ரோவில் தப்பினால் ஒன்றுமில்லை. இலக்கு 15, எதிரிக்கு +2 என்றால் 60 வீதம் படும், 9.9. உங்கள் முறையில் ஒரு தடவை, எதிரியின் முறையில் அது கூட்டத்துக்குக் கிட்டவே நின்றுவிட்டால் இன்னொரு தடவை, சுற்றுக்கு ஏறக்குறைய 20. பல எதிரிகள் நெருங்கி நின்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. மேசையில் நேரம் மிகவும் மிச்சமாகும். ஆனால் அடியைத் தாங்க முன்னால் ஓர் உடம்பு நிற்காது, 8ஆம் படியில் ஓகரை 14 சுற்று மறித்து வைத்த அந்தப் பலன் முழுக்கப் போய்விடும். தம்பிக்கு அது பிடிக்கவில்லை, ஓநாய்களுக்குப் பெயர் வைத்திருந்தான்.

மாற்றிய விதியைக் குறைந்தது இரண்டு சண்டைகளில் ஓட்டுங்கள், ஒன்று திறந்தவெளியில், ஒன்று நெருக்கமான இடத்தில். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று எண்ணை மட்டும் கொப்பியில் குறியுங்கள்: விலங்குகள் செய்த சேதம், ஃபைட்டர் செய்த சேதம், ட்ரூயிட்டின் முறை எடுத்த நேரம். நாங்கள் நான்கு ஓநாய் விதியோடு அடுத்த போயாவுக்கு விளையாடியபோது காட்டுச் சண்டையில் ஓநாய்கள் 61, அக்கா 66, தம்பியின் மிக நீண்ட முறை இரண்டு நிமிடம் பத்து விநாடி. சுரங்கச் சண்டையில் ஓநாய்கள் 30ஐத் தாண்டவில்லை. அது குறைவு என்று அக்காவே சொன்னார், அதனால் ஒடுங்கிய இடங்களில் தம்பி ஆவியைப் போடட்டும் என்று சம்மன் பீஸ்டையும் அவனுடைய பட்டியலில் சேர்த்துக்கொண்டோம். அந்த மந்திரத்துக்கு வேண்டிய 200 தங்கக் காசு பெறுமதியான, பொன்முலாம் பூசிய ஓக் கொட்டையை அடுத்த புதையலில் டிஎம் வைத்துவிட்டார்.